தூக்குவது ஜாக்கி, தாங்குவது முட்டு

"வாசலில் நிறுத்திய மோட்டாரின் அடியில் படுத்து நானே எண்ணெய் மாற்றலாம் என்றிருக்கிறேன். வண்டியோடு வந்த ஜாக்கி இருக்கிறது. பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடப்பதால் செங்கல்லுக்கும் பஞ்சமில்லை. இவை போதுமல்லவா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

செங்கற்களைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடும்படி அவரை மிகவும் கேட்டுக்கொள்கிறோம். தம் வண்டியைத் தம் கையாலேயே பராமரிக்க வேண்டும் என்ற எண்ணம் போற்றத் தக்கதே. ஆயினும், மிச்சமாகும் கூலியைக் காட்டிலும் பிராணன் விலை உயர்ந்ததல்லவா?

ஜாக்கி, பளுவைத் தூக்குவதற்காக ஏற்பட்ட கருவி. தூக்கியதை நெடுநேரம் ஏந்திக்கொண்டு நிற்பது அதன் தொழில் அன்று. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கியின் அடிப்பாகம் மிகவும் குறுகலானது. சக்கரம் மாற்றும் சில நிமிஷ வேலைக்காகவே அதைக் கொடுக்கிறார்கள். வண்டி சற்றே உருண்டாலும் அது சாய்ந்துவிடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஜாக்கியைப் பார்த்தால் பலசாலியாகத் தோன்றும். ஆனால் அத்தனை பளுவையும் உள்ளே அடக்கி வைத்திருப்பது சிறு ரப்பர் வளையமும் ஒரு திருகு வால்வுமே. வளையம் பழுதானால் ஜாக்கி இறங்க ஆரம்பித்துவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இவற்றைவிட மோசம். மரம் முறியுமுன் கிறீச்சிட்டாவது எச்சரிக்கும். இவை ஒரு சத்தமும் இன்றி நொறுங்கிவிடும்.

ஆகையால், ஜாக்கியால் தூக்கியவுடன் பளுவை ஒரு ஜோடி இரும்பு முட்டுகளின் மேல் இறக்கிவிட வேண்டும். கடையில் 'ஜாக் ஸ்டாண்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தாங்கும் சக்தி. முன்புறம் எஞ்சின் உள்ள 1,000 கிலோ வண்டியில் ஏறக்குறைய 600 கிலோ முன் சக்கரங்களின் மேல் இருக்கும். இரண்டு முட்டு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 300 கிலோ. அப்படியானால் 3 டன் முட்டு அதிகமல்லவா என்று தோன்றலாம். அந்த அதிகந்தான் நம் பாதுகாப்பு. முட்டின் மேல் அச்சிட்ட எடை ஒற்றை முட்டுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு விதமாகவும் அச்சிடும் வழக்கம் உண்டு.

இரண்டாவது, உயரம். பெரியதாக வாங்கினால் நல்லதுதானே என்று 6 டன் முட்டை வாங்கி வருகிறவர்கள் உண்டு. 3 டன் முட்டின் தாழ்ந்த உயரம் பெரும்பாலும் 30 செண்டிமீட்டருக்குள் அடங்கும். 6 டன் முட்டோ 40 செண்டிமீட்டரை நெருங்கும். சின்ன வண்டியை அவ்வளவு உயரம் தூக்கினால்தான் அது உள்ளே நுழையும். உயரம் ஏற ஏற அபாயமும் ஏறும்.

மூன்றாவது, பூட்டும் விதம். ஒரு வகையில் தண்டின் பற்களில் கொண்டி மாட்டிக்கொள்ளும். மற்றொன்றில் துளைக்குள் தடித்த இரும்பு ஆணியைச் செருக வேண்டும். பல் வகை சௌகரியமானது. ஆனால் அமெரிக்காவில் 2020-ஆம் வருஷம் ஹார்பர் பிரைட் என்னும் கருவி வியாபார நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் முட்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற நேர்ந்தது. செய்யும் அச்சுகள் தேய்ந்திருந்தமையால் கொண்டி பற்களில் போதிய ஆழம் பதியவில்லை; பளுவோடு அசைந்தால் முட்டு திடீரென இறங்கக்கூடும் என்று கண்டார்கள். மாற்றாக விற்ற முட்டுகளில் ஒரு வகையையும், பற்றவைப்புக் குறைக்காக அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். எனவே பல்லோடு குறுக்காணியும் சேர்ந்த முட்டே உத்தமம். பற்றவைத்த இடங்களில் விரிசல், வளைவு, துரு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நல்ல முட்டையும் தவறாக வைத்தால் பயனில்லை. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தார் ரோடு இளகி முட்டின் காலை விழுங்கும். மண் தரையும் அப்படியே. சிமெண்டுத் தரையே தகுந்தது. வண்டியின் கைப்புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டும் முட்டை வைக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் அடியிலோ தளத் தகட்டின் அடியிலோ வைக்கலாகாது.

பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஹாண்டு பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்புறத்தைத் தூக்கினால் அந்தப் பிடி அந்தரத்தில் நிற்கும். முன் சக்கரங்கள் உருளத் தடையில்லை. ஆகவே எந்தப் பக்கத்தைத் தூக்கினாலும், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாக வேண்டும்.

முட்டின் மேல் வண்டியை இறக்கிய பிறகு, வெளியே நின்றபடியே அதைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், மறுபடி தூக்கிச் சரியாக வையுங்கள். கழற்றிய சக்கரம் இருந்தால் அதையும் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். முட்டு ஏமாற்றினாலும் ஒரு சாண் இடமாவது மிஞ்சும். வீட்டில் யாருமில்லாத வேளையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்யப் பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் இல்லாத நாளில் எண்ணெய் மாற்றுவதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள். வண்டி கோபித்துக்கொள்ளாது.