முழங்காலுக்கு ஒரு வீட்டுப்பாடம்

சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை எழும்ப விடாது கட்டிலில் கிடத்தி உபசரிப்பது எம்மவர் வழக்கம். அன்பின் பாற்பட்ட இவ்வழக்கம் முழங்கால் மெனிஸ்கஸ் சத்திரசிகிச்சைக்குப் பொருந்தாது என்பதை இவ்வாரம் கூற விழைகின்றோம்.

தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே மெத்தை போன்று பாரம் தாங்கும் பிறைவடிவக் கசியிழையங்கள் இரண்டுமே மெனிஸ்கஸ் எனப்படுவன. கிழிந்தால் முழுவதையும் அகற்றுவதே முன்னாளில் வழக்கம். அவ்வாறு அகற்றிய மூட்டில் பின்னர் ஏற்படும் மாற்றங்களை 1948இல் பெயார்பாங்க் என்னும் பிரித்தானிய வைத்தியர் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு எடுத்துக்காட்டினார். இன்று இயன்றவரை அதனைக் காப்பதே நோக்கம். கிழிந்த துண்டை மட்டும் அகற்றுவர், அல்லது தைப்பர்.

இவற்றுள் எது செய்யப்பட்டது என்பதைக் கேட்டறிதல் முதற் கடமை. துண்டு அகற்றப்பட்டவர் பெரும்பாலும் சில நாட்களிலேயே ஊன்றி நடப்பர். தையல் இடப்பட்டவருக்கோ ஊன்றுகோலும், முழங்காலை மடக்கும் அளவுக்கு ஒரு வரம்பும் பல வாரங்களுக்கு விதிக்கப்படலாம். ஆதலால் ஒருவருக்குரிய பயிற்சி மற்றவருக்கு ஆகாது. மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

மூட்டு வீங்கியதும் தொடையின் முன்தசை விரைவில் மெலியும். அதனை எழுப்புவதே முதற் பாடம். காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை இறுக்குக. 5 வினாடியின் பின் தளர்த்துக. இவ்வாறு 10 முறை. அடுத்து, மல்லாந்து படுத்து, மற்றைய காலை மடித்து வைத்து, சிகிச்சை பெற்ற காலை மடக்காது ஓரடி உயர்த்தி மெல்ல இறக்குக. மூன்றாவது, குதிக்காலைப் படுக்கையில் வழுக்கியவாறு இழுத்து முழங்காலை மடக்குதல். விதித்த வரம்பைத் தாண்டலாகாது. முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுப்பது சுகமே. ஆயின் கால் முற்றாக நீளாமற் போகக்கூடும். பிசியோதெரப்பி நிபுணர் வேறு கணக்குக் கூறின் அதுவே முடிவானது.

சிறு வலி இயல்பு. மறுநாள் வீக்கம் கூடினால் பயிற்சியைக் குறைத்து, துணி சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே வைத்தியசாலையை நாடுக.

உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நாள்முழுதும் நின்று உழைப்போர் எம்மிற் பலர். சம்பளம் போய்விடுமே என்று அவசரமாக வேலைக்கு ஓடுவதன் காரணத்தை நாம் அறிவோம். எனினும், இலகுவான வேலை தருமாறு வைத்தியரிடம் கடிதம் பெறுவது, பின்னர் நடக்கவியலாது வீட்டில் இருப்பதிலும் மேல். குந்துதலும் சப்பாணி கட்டி அமர்தலும் வைத்தியர் அனுமதிக்கும்வரை வேண்டாம். கோயிலில் கதிரை கேட்பது வெட்கமன்று.

வைத்தியசாலை தந்த பயிற்சித்தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, "இன்று செய்தாயிற்றா?" என்று நாள்தோறும் வினவுவதே வீட்டார் செய்யக்கூடிய நல்ல உபசாரம்.