நாற்பதாயிரம் பாட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு

கைபேசி ஒன்று சட்டைப்பையில் இருக்க, அதில் உலகத்துச் சங்கீதம் அனைத்தும் ஒரு மாதச் சந்தாவுக்குக் கிடைக்க, பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு மியூசிக் பிளேயரை, அதுவும் 160 ஜிபி, 512 ஜிபி என்று கொள்ளளவு பார்த்து வாங்கி வைத்துக்கொள்வது பழமைப் பற்றும் வீண் செலவுமே அன்றி வேறல்ல என்னும் அபிப்பிராயம், இன்று ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. இதைச் சொல்பவர்களில் தேர்ந்த ரசிகர்களும் பலர் உண்டு. ஆகையால் அவர்களுடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்வதுதான் முறை என்று கருதுகிறேன்.

அவர்கள் முதலில் எடுத்துவைப்பது ஆயுள் கணக்கு. 2001-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆப்பிள் நிறுவனம் முதல் ஐபாடை வெளியிட்டபோது அதன் கொள்ளளவு 5 ஜிபி. ஆயிரம் பாட்டுகள் அடங்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அதுவே வளர்ந்து 160 ஜிபி கொண்ட ஐபாட் கிளாசிக் ஆனபோது பாட்டுகளின் எண்ணிக்கை நாற்பதாயிரம் என்றார்கள். ஓர் ஆயுள் முழுவதும் கேட்டாலும் தீராத இந்தப் பாட்டுகளைச் சுமந்து திரிவது பேராசை அல்லவா என்பது கேள்வி. கேள்வி கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு அதற்குத் துணை நிற்கவில்லை. பாட்டொன்றுக்கு நான்கு நிமிஷம் என்று வைத்தால் நாற்பதாயிரம் பாட்டுகளுக்கு 1,60,000 நிமிஷங்கள், அதாவது சுமார் 2,667 மணி நேரம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கேட்கும் பழக்கமுள்ள ஒருவர் நான்கு ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே அத்தனையையும் கேட்டு முடித்துவிடுவார்.

மேலும், நாற்பதாயிரம் என்ற தொகையே நான்கு நிமிஷப் பாட்டுக்காகவும், விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவுக்கு நெருக்கிச் சுருக்கிய ஒலிக்காகவும் போட்ட கணக்கு. நம் சங்கீதம் நான்கு நிமிஷத்தில் முடிவதன்று. குறுந்தட்டின் தரத்தில், விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற முறையில் பதிந்த ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி இடத்தை அடைத்துக்கொள்ளும். அதில் ஒரு துளியும் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் முறைகளைக் கையாண்டாலும் பாதியளவுக்குச் சற்று மேலேயே நிற்கும். அப்படியானால் தனியாவர்த்தனமும் மங்களமும் சேர்ந்த மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகிறது. எல்லாரும் மலைக்கும் அந்த 160 ஜிபி, சுமார் 150 கச்சேரிகளோடு நிறைந்துவிடும். வாழ்நாளெல்லாம் சபைகளில் உட்கார்ந்து கேட்டு வந்த ஒரு ரசிகருக்கு 150 கச்சேரிகள் பெருநிதியாகுமா? சிறிய சேமிப்பு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் எண்ணிக்கையால் மட்டுமே இந்த விஷயத்தைத் தீர்த்துவிட நான் விரும்பவில்லை. கொள்ளளவின் பிரயோஜனம் வேறோரிடத்தில் இருக்கிறது. 128 எம்பி கொண்ட தொடக்ககால எம்பி3 பிளேயர்களில் இரண்டு மணி நேரப் பாட்டுதான் அடங்கும் என்பதால், நாளைக்கு எதைக் கேட்கப்போகிறோம் என்பதை முதல்நாள் இரவே தீர்மானித்துக் கணினியிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மறுநாள் மனம் அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பஸ் நின்ற ஊரில் ஏதோ ஒரு கோயில் உற்சவத்து நாகஸ்வரம் காதில் விழ, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அந்தக் கணமே கேட்க வேண்டும் என்று தவிப்பு உண்டாகும்போது, கையிலிருக்கும் கருவியில் வேறேதோ இருபது பாட்டுகள் இருந்து என்ன பயன்? ஒருவர் தம் வீட்டு அலமாரியிலுள்ள புத்தகங்கள் அத்தனையையும் இன்று படித்துவிடப் போவதில்லை. எதை எடுக்கக் கை நீளுமோ அது அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். பெரிய கொள்ளளவு தருவதும் அந்தச் சுதந்திரத்தையே.

இரண்டாவது வாதம் இதைவிட வலிமையுள்ளதாகத் தோன்றும். எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறதே, சொந்தமாக எதற்கு என்கிறார்கள். ‘எல்லாம்’ என்பதும் உண்மையன்று, ‘கிடைக்கிறது’ என்பதும் நிரந்தரமன்று. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அதற்கடுத்த ஏப்ரலிலேயே, பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் சரிகம நிறுவனத்தோடு வழக்கு உண்டாகி, டெல்லி உயர்நீதிமன்றத்தில் அந்தப் பாட்டுகளை நீக்கிவிடுவதாக ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. 2020-இல் உடன்பாடு ஏற்படும் வரை, ஓராண்டுக்கு மேலாக, நம் பழைய திரையிசையின் பெரும்பகுதி அந்தச் செயலியில் இல்லை. சந்தா கட்டியவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கிடையே பேரம் படியவில்லை, அவ்வளவுதான். கூகுள் பிளே மியூசிக் 2020 இறுதியில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் 2024-இல் நின்றது. பாட்டுகளைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளலாமே என்பாருக்கும் விடை இருக்கிறது: ஸ்பாட்டிஃபையில் இறக்கிவைத்த பாட்டுகள் நிலைக்க வேண்டுமானால் முப்பது நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்பு கொண்டாக வேண்டும், சந்தா நின்றால் அவையும் போம். பிறர் அனுமதியுள்ளவரை மட்டுமே நம்மிடம் தங்கும் பொருளை நம்முடைய சேகரம் என்று நான் ஒப்பமாட்டேன்.

வியாபாரத்துக்கு வந்த பாட்டுகளின் நிலை இது. வியாபாரத்துக்கே வராத சங்கீதம் எவ்வளவு! எழுபத்தெட்டு சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பெரும்பாலும் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் அடங்காத காலத்தில், விஸ்தாரமான ராக ஆலாபனைகள் சபையிலும் கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும்தான் ஒலித்தன. பின்னர் ஸ்பூல் டேப்பும் கேசட்டும் வந்தபோது அவற்றை ஆர்வமுள்ள ரசிகர்கள் பதிந்து, ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மதுரை மணி ஐயரின் பாட்டு இன்று நம் செவிக்கு எட்டுவது பெரும்பாலும் அத்தகைய கச்சேரிப் பதிவுகளின் வழியேதான். வீட்டில் ஒரு பாட்டி பாடிய தாலாட்டை, ஊர்க் கூத்துக்காரர் ஒருவர் விடிய விடியப் பாடியதை எந்தச் சந்தாவில் தேடுவது? அவை நம் கையில் இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இங்கே இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஐபாடின் பட்டியலில் பாடகர், ஆல்பம் என்பவற்றோடு ‘வகை’, ‘இசையமைத்தவர்’ என்று இரண்டு பகுதிகள் உண்டு. மேல்நாட்டு முறையை எண்ணி அமைத்த அந்த இடங்களில், வகைக்கு நேராக ராகத்தின் பெயரையும், இசையமைத்தவருக்கு நேராக சாகித்யகர்த்தாவின் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டால், கோபாலகிருஷ்ண பாரதியார் கிருதிகள் ஓரிடத்திலும், பாபநாசம் சிவன் கிருதிகள் மற்றோரிடத்திலும், காருகுறிச்சி அருணாசலமும் ராஜரத்தினம் பிள்ளையும் நாகஸ்வரத்தில் வாசித்த ஒரே ராகம் அடுத்தடுத்தும் வந்து நிற்கும். சேகரத்தை இப்படித் தம் அறிவுக்கேற்பப் பாகுபடுத்தித் திருத்தி அமைக்கும் உரிமையை ஸ்ட்ரீமிங் செயலி பெரும்பாலும் கேட்பவருக்கு வழங்குவதில்லை. அது வகுத்த வரிசையில், அது எழுதிய பெயர்களோடு, பல சமயம் பிழையான பெயர்களோடு, நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் பெரும்பாலும் காணாமலே போய்விடுகின்றன. வயலினும் மிருதங்கமும் வாசித்தவர் யாரென்று தெரியாமல் ஒரு கச்சேரியைக் கேட்பது எனக்குச் சம்மதமில்லை.

கைபேசியே போதும் என்பது மூன்றாவது ஆக்ஷேபம். பஸ் பயணத்தில் நான்கு பாட்டுக் கேட்பவருக்குக் கைபேசி போதும். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நிரவல் உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் கடன் வேண்டுமா என்று ஓர் அழைப்பு வந்து அறுக்காமல் கேட்க விரும்புகிறவருக்கு, அழைப்பே வராத கருவியின் அருமை தெரியும். கிளாசிக்கின் மின்கலம் முப்பத்தாறு மணி நேரம் பாடும் என்று தயாரித்தவர்கள் கணித்தார்கள்; உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் சுழலாமல், சிறிது நேரத்துக்கு வேண்டிய இசையை நினைவகத்தில் இறக்கிவிட்டு உறங்கிவிடும் அமைப்பே அதற்குக் காரணம். 2016-இல் ஐபோன் ஹெட்போன் துளையைக் கைவிட்ட பிறகு மற்றவர்கள் பலரும் பின்தொடர்ந்து, நல்ல கம்பி ஹெட்போன் வைத்திருப்பவர் அதைச் செருகப் பல கைபேசிகளில் இடமில்லாமல் ஆகிவிட்டது.

ஒலித்தர வித்தியாசம் காதுக்குத் தெரியாது என்னும் நான்காவது வாதத்தைப் பெருமளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். செம்மையாகச் சுருக்கிய 256 கிலோபிட் ஒலியையும் மூலத்தையும் பிரித்தறிவது பெரும்பாலானவர்க்கு அரிது. ஆயினும் சுருக்கியதை மீண்டும் வேறு முறையில் சுருக்கும்போதெல்லாம் சிறிது சிறிதாக இழப்பு கூடுகிறது. ஆதலால் பாதுகாக்க வேண்டிய பிரதியை முழுமையாக வைத்திருப்பது விவேகம்.

கடைசியாக, சந்தையே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்கிறார்கள். கிளாசிக் 2014 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது உண்மை. அதற்குரிய பாகங்கள் கிடைக்கவில்லை என்றும், வேண்டுவோர் தொகை சிறிது என்றும் ஆப்பிள் நிறுவனத் தலைவர் டிம் குக் சொன்னதும் உண்மை. வேண்டுவோர் சிலர் என்பதால் அவர்கள் வேண்டுவது தவறென்று ஆகிவிடாது. சோனி 2023-இலும் புதிய வாக்மனைக் கொண்டுவந்தது. கொரியாவின் ஆஸ்டெல் அண்ட் கெர்ன், சீனாவின் ஃபியோ ஆகியவை மெமரி கார்டு செருகும் கருவிகளை விற்று வருகின்றன. பழைய கிளாசிக்கின் ஹார்ட் டிஸ்க் கெட்டால், அதற்குப் பதிலாக மெமரி கார்டுகளைப் பொருத்தி, மின்கலத்தையும் மாற்றி, முன்னிலும் பெரிய கொள்ளளவோடு பாடவைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கருவி தொலைந்தால் சேகரமும் போய்விடுமே என்ற அச்சமும் ஆதாரமற்றது. கையிலிருப்பது பிரதிதான், மூலம் வீட்டிலுள்ள இரண்டு தனித்தனி டிஸ்குகளில் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் பெயர் எழுதாத கேசட்டுகள் இருந்தால், காந்த நாடா நாளுக்கு நாள் நலிந்துகொண்டிருப்பதை எண்ணி, ஓடும் நிலையிலிருக்கும் ஒரு டேப் ரிக்கார்டரைத் தேடிப்பிடித்து இந்த மாதமே கணினியில் ஏற்றிவிடுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார் என்று தெரிந்தவரை எழுதிச் சேருங்கள். இடம் போதவில்லை என்று எதையும் அழிக்காமல், பெரிய கொள்ளளவுள்ள கருவியாகவே பார்த்து வாங்குங்கள்.