வளர்ற வலியாம், வளர்ற வலி!

விளையாட்டு விழாவில் வருடா வருடம் ஒரே பேச்சுதான். பேசுகிறவர் மட்டும் மாறுவார். இந்த முறை வந்த சிறப்பு விருந்தினர் அந்தக் காலத்து வாலிபால் ஆட்டக்காரர். "வளர்ற பிள்ளைக்கு முட்டி வலிக்கத்தான் செய்யும். ஓட ஓடச் சரியாயிடும். நாங்கள்லாம் வலிக்குதுன்னு உட்கார்ந்தோமா?" என்றார். பலத்த கைதட்டல்.

பக்கத்தில் இருந்த என் அக்கா மகள் தட்டவில்லை. 12 வயது, பள்ளி அணியில் ஆடுகிறாள், எட்டு மாதமாக வலது முட்டியில் வலி. முட்டிச்சில்லுக்கு இரண்டு விரல் கீழே அரைநெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். மார்கழிக் கோலத்தை இந்த வருடம் நின்றபடி குனிந்தே போட்டு முடித்தாள். குத்தவைத்தால் எழ முடியவில்லை.

'வளர்ற வலி' என்ற இந்த மந்திரத்தைப் பி.டி. மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டுப் பாட்டி என்று சொல்லாத வாயில்லை. சரி, வளர்ந்தால் வலிக்குமா? பிறக்கிற குழந்தை சுமார் 50 செ.மீ. நீளம். முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 75. அதற்குப் பிறகு ஆயுசில் அந்த வேகம் யாருக்கும் திரும்புவதில்லை. வளர்வது வலிக்குமென்றால், மொட்டையடித்துக் காது குத்தும் அன்றைக்கு வீறிடுகிற குழந்தை, அதற்கு முந்தைய முந்நூறு நாளும் முட்டியைப் பிடித்துக்கொண்டல்லவா வீறிட்டிருக்க வேண்டும்?

மருத்துவத்தில் அந்தப் பெயர் இல்லாமல் இல்லை. 1823இல் துஷாம் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்ததிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது சின்னப் பிள்ளைகளின் சமாசாரம். சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலும் வலிக்கும், கெண்டைக்காலிலும் தொடையிலும். மூட்டில் இல்லை. விடிந்ததும் பிள்ளை எதுவும் நடக்காததுபோல் ஓடும். உயரம் கிடுகிடுவென்று ஏறுகிற பதின்வயதிலோ அந்த வலி பெரும்பாலும் விடைபெற்றிருக்கும். வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது காணாமல் போகிற வளர்ச்சி வலி! பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இவளுக்கு ஒரு காலில், ஒரே இடத்தில், குதிக்கும்போது வலிக்கிறது. அதற்கு வேறு பெயர் உண்டு: ஆஸ்குட்-ஷ்லாட்டர். பாஸ்டனில் ஆஸ்குட், ஜூரிக்கில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் 1903இல் தனித்தனியாக விவரித்தது. எக்ஸ்-ரே கண்டுபிடித்து எட்டே வருடத்தில் அவர்களுக்குப் பிடிபட்டது, நம் மைதானத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. தொடையின் முன்தசை, முட்டிச்சில்லு வழியாக இறங்கி, கீழ்க்கால் எலும்பின் உச்சியில் ஒரு நாணாகப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடிமானம் இந்த வயதில் இன்னும் குருத்தெலும்பு. ஒவ்வொரு குதிப்பும் அதைப் பிடித்து இழுக்கிறது. "அப்போ வளர்ற வயசுலதானே வருது?" என்று மடக்குவார்கள். வயது இடம் கொடுக்கிறது, வலியைக் கொடுப்பது குதிப்பு.

இதில் 'ஓட ஓடச் சரியாயிடும்' வேறு. இழுபட்டு வீங்கிய இடத்தை இன்னும் இழுத்தால் சரியாகுமாம். டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுவரை இதே கோளாறுள்ள 51 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதலில் ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்தார்கள், பிறகு தொடைத்தசைக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரத்தில் பத்தில் எட்டுப் பேர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். இங்கேயோ சிமெண்டுத் தரையில் நூறு ஜம்ப். தாமதமாக வந்தால் முட்டி போடு! சரியாக அந்தப் புடைப்பின் மேலேயே. தண்டனை கொடுத்தவர் உடற்கல்வி படித்தவர்.

கால்சியம் குறைவு என்பார்கள். வலது கால் எலும்புக்கு மட்டும் குறையுமா?

"நாங்கள்லாம் ஆடலையா" என்பது இன்னொரு வாதம். ஆடினீர்கள் ஐயா, அதனால்தான் மேடையில் இருக்கிறீர்கள். பதினான்கு வயதில் முட்டியோடு ஆட்டத்தையும் விட்டவனை யாரும் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவதில்லை. பேசி முடித்தவர் மேடையிலிருந்து இறங்க நாலு படி. இரண்டு மாணவர்களின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்கினார்.

எனக்கு எரிச்சலைவிடப் பயம் ஒன்று உண்டு. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் பந்து நழுவினாலும் சில பிள்ளைகள் முட்டியைத்தான் காட்டுவார்கள், வலி அங்கே தெரியும். கால் தாங்கி நடக்கும் பிள்ளையின் இடுப்பைச் சோதிக்காமல் முட்டியை மட்டும் எக்ஸ்-ரே எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதும் உண்டு. எலும்புப் புற்று அபூர்வம்தான், ஆனால் பதின்வயதில் அது அதிகம் உட்காருகிற இடம் முட்டியை ஒட்டிய எலும்பு. ஆடாதபோதும் வலிக்கிறது, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிறது, வீக்கம் கூடிக்கொண்டே போகிறது என்றால் தைலம் தடவிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. 'வளர்ற வலி' என்று சொன்ன நிமிடத்தில் இவை எதையும் பார்க்க வேண்டிய அவசியமில்லாமல் போய்விடுகிறது. எவ்வளவு வசதியான நோய்!

விழா முடிந்து வெளியே வரும்போது மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஸ்மாஷ் பிராக்டிஸ். வந்துடும்மா."

"முட்டி வலிக்குது சார்."

"அதான் இப்ப ஐயா சொன்னாருல்ல."

எங்கே வலிக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. கேடயங்களை எண்ணப் போய்விட்டார்.