அரிசியும் அந்தஸ்தும்



கடலூர் முதுநகர் மீன் அங்காடியில் ஒரு காலை நேரம் சற்றே நின்று பாருங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் பரப்பியிருக்கும் இடத்தில் பேரம் பேசுவோர் ஒரு வகையினர். கவளையும் மத்தியும் குவித்திருக்கும் இடத்தில் பையை நீட்டுவோர் வேறு வகையினர். சம்பந்தி வந்திருக்கும் நாளில் மத்திக் குழம்பு வைத்தால் கௌரவக் குறைவு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இதயத்துக்கு நலம் தரும் ஒமேகா-3 கொழுப்பு அந்த ஏழை மீனில் ஏராளமாக இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. ஆயினும் விருந்துத் தட்டில் அவற்றுக்கு இடமில்லை.

சிதம்பரத்துக்கு வந்தால் காட்சி மாறுகிறது. தள்ளுவண்டியில் விற்கும் கம்பங்கூழையும் கேழ்வரகுக் கூழையும் இன்று வாகனத்தை நிறுத்தி வாங்கிப் பருகுகிறவர்களில் பலர் படித்துப் பதவியில் இருப்பவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன் அது வயலில் நாற்று நட்டவர்களின் ஆகாரம். அரிசிச் சோறு வசதியுள்ள வீட்டின் அடையாளமாக இருந்தது. இன்று உழைப்பாளி வீட்டில் மூன்று வேளையும் வெண்சோறு. வசதியுள்ள வீட்டில் சிறுதானியம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, பாட்டிமார் வெட்கப்பட்டு மறைத்த கூழுக்கு மேலும் மதிப்புக் கூடிவிட்டது!

வெண்மையின் மீது நமக்குள்ள மோகம் பழையது. அதன் தீங்கும் பழையது. ஜாவாத் தீவில் 1890களில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைத் தந்ததும் தேறுவதையும் கண்டார். அந்த ஆய்வுக்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் சென்னை மாகாணத்திலும் பச்சரிசி உண்ட வடக்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. "பச்சரிசிதான் பார்வைக்கு அழகு" என்று சொல்லும் மாமிமார் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

இனி நம்மை உண்மையாகவே கவலைப்படுத்த வேண்டிய செய்திக்கு வருகிறேன். சர்க்கரை நோயைப் பணக்கார நோய் என்றே வெகுகாலம் சொல்லி வந்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் 57,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி, 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்லிற்று. பெரும்பாலான இடங்களில் வசதியுள்ளோரிடமே நோய் மிகுதி. ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதி குறைந்தவர்களிடமே அது அதிகம்!

காரணம் என்ன? 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை ஓட்டிய அந்தத் திட்டத்தை நான் ஒருபோதும் குறை கூற மாட்டேன். ஆனால் பருப்பும் காயும் பழமும் காசு கேட்கின்றன. எனவே தட்டில் சோறு மலையாகிறது, குழம்பு ஓடையாகிறது. கையில் காசும் படிப்பும் உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதித்துக்கொள்கிறார். மற்றவர், காலில் புண் ஆறாதபோதுதான் மருத்துவரிடம் போகிறார்.

படிப்பு மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. பட்டம் பெற்ற பெண்கள் நிறைந்த எங்கள் குடும்பத்திலேயே நோன்பு மாதத்தில் என்ன நடக்கிறது? பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சி ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே அண்டாவிலிருந்து வருவது. பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்த நல்ல ஆகாரம். அதன் அருகில் சமோசாவையும் வடையையும் அடுக்கி வைப்பது, எல்லாம் படித்த நாங்கள்தான்.

கடலூரிலிருக்கும் என் தங்கை வீட்டில் வேலை செய்யும் பெண்மணிக்குச் சென்ற ஆண்டு சர்க்கரை நோய் தெரியவந்தது. மருத்துவமனையொன்றில் அச்சிட்ட உணவுப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார்கள். ஓட்ஸ், ஆப்பிள், ஆலிவ் எண்ணெய் என்றிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்த அம்மையார் அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார். தங்கை, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அதே தாளின் பின்புறம் வேறு எழுதினாள்: ஒரு கிண்ணம் அளந்த சோறு, இரு பங்கு கீரையும் காயும், மத்திக் குழம்பு, ஒரு பிடி சுண்டல். கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், கூழாகக் கரைத்துக் குடிக்காமல் அடையாக ஒன்று.

அதோடு, மிஞ்சிய பிரியாணியையும் வட்டிலப்பத்தையும் தூக்கில் போட்டு அந்த அம்மையாரிடம் கொடுத்தனுப்பும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தூக்கில் பச்சைப் பயறு போகிறது. முதல் வாரம் அந்த அம்மையாருக்குக் கோபம் வந்ததாம்.