ரேடியோ இல்லாத வீட்டில் ரேடியோ

தென்கடற்கரையில் வெகுகாலம் மைக்செட் கட்டியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சாமியார் பிரசங்கத்துக்கு நடுவே மூச்சு வாங்கிய நேரத்தில், கூம்பு ஸ்பீக்கருக்குள் இலங்கை வானொலி மெல்லப் பாடிய கதை ஒன்றாவது அவரிடம் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ரேடியோவே கிடையாது. இருப்பது ஒரு மைக்கும், தெருவைத் தாண்டி இழுத்த ஒயரும்தான். அப்புறம் பாட்டு எங்கிருந்து வந்தது?

கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான பெரியதாழையிலிருந்து கிழக்கே கோடு போட்டால் ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இலங்கையின் புத்தளம். அங்கே டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியின் மீடியம் வேவ் நிலையம் 882 கிலோஹெர்ட்ஸில் 400 கிலோவாட் சக்தியோடு ஒலிபரப்பியது. நம் பக்கமும் சளைத்ததில்லை. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் 200 கிலோவாட். இலங்கை வரை கேட்க வேண்டும் என்றே வைத்தது. மீடியம் வேவ் அலைக்கு உப்புத் தண்ணீர் ராஜபாட்டை. காய்ந்த தரையில் சீக்கிரம் தேய்ந்துபோகிற அலை, கடல்மேல் அதிகம் தேயாமல் ஓடிவரும். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் இந்தக் கரை உள்ளூர்க்காரர்களைப்போலக் கேட்டதற்கு அவர்கள் குரல் பாதி காரணம், கடல் மீதி காரணம்.

ஒயருக்குள் நுழைந்த அலை எப்படிப் பாட்டாகிறது? ரேடியோ அலை நொடிக்கு லட்சக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த வேகத்துக்கு ஸ்பீக்கருக்குள் இருக்கும் சவ்வு அசையாது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர் கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி, ஒரு திசையில்தான் சரியாக வழிவிடும். ஆட்டத்தில் ஒரு பாதி வெட்டுப்பட்டுப் போனால், அலையின் வலிமை ஏறி இறங்குவது மட்டும் மிஞ்சும். அந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டு. ரேடியோப் பெட்டிக்குள் நடக்கிற வேலையும் இதேதான். ஆக, நம் ஆம்ப்ளிஃபயர் யாரும் கேட்காமலேயே ரேடியோவாகிவிட்டது.

இந்த வேலைக்கு டிரான்சிஸ்டர்கூட வேண்டாம் என்பது கடற்கரைக்காரர்களுக்கு முக்கியமான சேதி. ஜகதீஷ் சந்திர போஸ் 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை, ஒரு துண்டு ஈயத் தாதுவை வைத்தே அலையைப் பிடிக்கும் கருவிக்கானது. பின்னாளில் செம்புத் தகட்டையும் அதன்மேல் படிந்த ஆக்சைடையும் வைத்தே ஒருவழி மின்கருவிகள் செய்து விற்றார்கள். உப்புக்காற்றில் களிம்பேறிய ஸ்பீக்கர் முனையும் துருப்பிடித்த திருகும் அதேபோல ஒருவழிப் பாதை ஆகிவிடலாம். மதுரையில் பல வருஷம் பச்சை பிடிக்காமல் இருக்கிற செம்புக் கம்பி பெரியதாழையில் இரண்டு மழைக்குள் பச்சை பிடித்துவிடும்.

இன்றைக்கு இந்த ஊர் ஸ்பீக்கர்களை அதிகம் தொந்தரவு செய்வது இலங்கை இல்லை. ஃபைபர் வள்ளங்களோடு வந்த வயர்லெஸ் செட்டும் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் போனும்தான். உறவுக்கார அக்கா ஒருவர் வீட்டில் டிவியோடு சேர்த்த ஸ்பீக்கர் இரண்டு. பக்கத்து வீட்டு மாடியில் வயர்லெஸ் ஏரியல். அங்கே பேசுவதற்குப் பட்டனை அமுக்கினால் இங்கே ‘டப்’ என்கிறது. விட்டால் இன்னொரு ‘டப்’. நடுவில் கரகரவென்று ஓர் உறுமல்.

“அந்தச் செட்ட அமத்தச் சொல்லுங்க தம்பி. நிம்மதியா ஜெபமாலை கேக்க விடமாட்டேங்கான்.”

“செட்டு மேல குத்தமில்லக்கா. குத்தம் ஒங்க ஒயருல.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் விஷயம் அதுதான். கடல் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதி நீளமுள்ள கம்பி அருமையான ஏரியல். வீட்டு ஸ்பீக்கர் ஒயர் பெரும்பாலும் எவ்வளவு நீளம் இருக்கும்? ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். ஏரியலை நாமே சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, அலை வந்துவிட்டது என்று அடுத்த வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்கிறோம். செட்டின் பேச்சு அலையின் வலிமையில் ஏறி இறங்குவதில்லை, அதிர்வெண்ணில் ஏறி இறங்குகிறது. அதனால்தான் இலங்கை வானொலிபோலத் தெளிவாகக் கேட்காமல் ‘டப்’போடு நின்றுகொள்கிறது. பக்கத்து வீட்டு ரகசியம் தப்பித்தது.

செட்டுக்கு உரிமம் இருக்கிறதா, கரையிலிருந்து பேசலாமா என்பதெல்லாம் தனி வழக்கு. உரிமத்தோடு, சரியான சேனலில், அளவான சக்தியில் பேசுகிற செட்டாக இருந்தாலும் இந்த ஸ்பீக்கர் உறுமத்தான் செய்யும். தனக்கு வேண்டாத அலையை உள்ளே விடாமல் தடுப்பது ஸ்பீக்கர் செய்தவரின் வேலை. சில ரூபாய்ச் சாமான்களை மிச்சம்பிடித்து அந்த வேலையைச் செய்யாமல் விற்றுவிடுகிறார்கள். அட்டைப்பெட்டிமேல் மட்டும் ஆயிரக்கணக்கான வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

போன் இன்னும் கிட்டத்து எதிரி. மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘டிட்டிடிட் டிட்டிடிட்’ என்று குறி சொல்லுமே, அது பழைய 2ஜி முறையின் வேலை. அந்த முறையில் போன் தொடர்ந்து பேசுவதில்லை; நொடிக்கு 217 தடவை துண்டு துண்டாக அலையை வெட்டி அனுப்புகிறது. 217 என்பது காதுக்கு நன்றாகக் கேட்கிற சுருதி. டவர் தூரமாக இருந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும், 2 வாட் வரைக்கும். சிக்னல் குறைந்த கரையோர வீடுகளில் சத்தம் கூடுதலாக இருப்பது இதனால்தான். இதற்கு மருந்து சுலபம். போனை ஸ்பீக்கரை விட்டு இரண்டு எட்டு தள்ளி வையுங்கள்.

மற்றதற்கு முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். சத்தம் வரும்போது வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தமும் சேர்ந்து குறைந்தால் அலை டிவியிலிருந்தோ மைக்கிலிருந்தோ வரும் ஒயர் வழியாக நுழைகிறது. வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் உறுமினால் ஸ்பீக்கர் ஒயரோ கரண்ட் ஒயரோ காரணம். இதைப் பார்க்காமல் கண்டதையெல்லாம் மாற்றுகிறவர்கள் காசைக் கடலில் போடுகிறார்கள்.

அக்கா வீட்டில் வால்யூமைக் குறைத்தும் அடங்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. வேண்டியதைப் போல இரண்டு மடங்கு நீளம் சுருட்டி டிவிக்குப் பின்னால் திணித்திருந்தது. மிச்ச ஒயரை வெட்டி, இரண்டு இழையையும் கயிறுபோல முறுக்கி, முனையைப் புதிதாகச் சீவி, ஸ்குரூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பிறகு ஃபெரைட் வளையம். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒயரில் பாம்பு எலி விழுங்கியதுபோல ஒரு புடைப்பு இருக்குமல்லவா, அதற்குள் இருப்பது அதுதான். ஆக்கர் (பழைய சாமான்) கடையில் கேட்டால் கிடைக்கும். அதை ஆம்ப்ளிஃபயர் பக்கம் ஒட்டி வைத்து, ஒயரை அதற்குள் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பங்கு தடை என்றால் இரண்டுக்கு நாலு, மூன்றுக்கு ஏறக்குறைய ஒன்பது. சும்மா ஒரு தரம் நுழைத்து விட்டுவிட்டு ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அக்கா வீட்டில் உறுமல் நின்றுவிட்டது. ‘டப்’ மட்டும் காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு மிச்சம்.

மீடியம் வேவுக்கு இந்த வைத்தியம் போதாது. பெரிய வளையத்தில் பத்துப் பதினைந்து சுற்று வேண்டும். மைக் ஒயர் நல்ல ஷீல்டு ஒயராக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு உள்கம்பி உள்ள ஒயர். அதில் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும் அலையை ஆம்ப்ளிஃபயர் கழித்துத் தள்ளிவிடும். மெக்கானிக் விவரமானவர் என்றால் உள்ளே மைக் நுழையும் இடத்தில் சின்ன டிஸ்க் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து அலையை அங்கேயே எர்த்துக்கு இறக்கிவிடுவார். ஸ்பீக்கர் முனையில் மட்டும் நீங்களாகக் கெபாசிட்டர் போடாதீர்கள். சில ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்காது.

இவ்வளவும் ஒரு ‘டப்’ சத்தத்துக்கா என்று கேட்கலாம். மைக்செட்காரருக்கு அது தொழில். மற்றவர்களுக்கு வேறு காரணம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வள்ளத்து வயர்லெஸ் அலை அடிவானத்தைத் தாண்டி வளைந்து போகாது. எவ்வளவு தூரம் எட்டும் என்பது ஏரியலின் உயரத்தைப் பொறுத்தது. கரைக்கு அருகில் போகிறவர்களுக்காவது அது துணை. என்ஜின் நின்றுபோன வள்ளத்திலிருந்து கூப்பிட்டால் கரையில் ஒரு செட் திறந்திருக்க வேண்டும். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், கடலில் இருப்பவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய சேதிகள் இன்னும் கூடும்.

ஆகவே திருவிழாவுக்கு மைக்செட் பேசும்போது ஷீல்டு ஒயர் இருக்கிறதா என்று கேளுங்கள். புது ஸ்பீக்கர் வாங்கினால் ஒயரை அளவாக வெட்டி, வருஷத்துக்கு ஒரு தரம் முனையைச் சுத்தம் செய்யுங்கள். சத்தம் வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அடுத்த வீட்டுச் செட்டை மட்டும் அமத்தச் சொல்லாதீர்கள்.