புதன்கிழமைக் கூலியும் குழந்தையின் ஊசியும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை. அன்று நடவுக்குப் போகவேண்டிய தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்திற்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. மில்லில் பகல் ஷிப்டு பார்க்கும் தகப்பனுக்கும் இதே கதிதான். ஊசி இலவசம், உண்மை. ஆனால் அந்த இலவச ஊசிக்கு ஒரு நாள் கூலி விலையாகப் போகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல், “பாமர ஜனங்களுக்கு அக்கறை கிடையாது” என்று உபதேசம் செய்கிறவர்களிடம் நமக்குப் பேச்சில்லை. நாம் நமது தோழர்களிடம் பேசுகிறோம். கூலி போனாலும் ஊசியை விடாதீர்கள். கூலி போகாமலிருக்க யூனியன் மூலம் போராடுங்கள். இரண்டும் வேண்டும்.

எந்த ஊசி எப்பொழுது? பிறந்தவுடன், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், காசநோய்க்கு பி.சி.ஜி., வாயில் போலியோ சொட்டு, 24 மணி நேரத்திற்குள் ஹெபடைடிஸ்-பி என்ற காமாலைக்கு ஊசி. பிறகு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம். தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, ஹெபடைடிஸ்-பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் அப்பொழுது ஒரே ஊசி. இது 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் வந்தது. கூடவே போலியோவுக்கும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவுக்கும், நிமோனியாவுக்கும் மருந்து உண்டு. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. ஏன் அவ்வளவு தாமதம் என்று பெண்கள் கேட்கிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அதுவரை குழந்தையின் உடம்பில் இருந்து, ஊசியைச் சரியாகப் பலிக்கவிடாது. ஒன்றரை வயதை ஒட்டி அதன் இரண்டாம் தவணை. அப்பொழுதும் 5 வயதிலும் முத்தடுப்பு ஊசி. 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். பள்ளியை விட்டு நூல் மில்லுக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுப் பெண்ணை யார் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள்?

ஒரு தவணை தவறிவிட்டதென்று வெட்கப்பட்டு வீட்டிலிருந்துவிட வேண்டாம். ஆரம்பத்திலிருந்து போடவேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சகஜம். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் மில்லுக்கு வந்துள்ள தோழர்களின் குழந்தைகளுக்கும் இதே ஊசி, இதே உரிமை.

பெரியவர்களுக்கு? கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி, தெரிந்தவுடன் ஒன்று, நான்கு வாரம் கழித்து ஒன்று. மண்வெட்டியோ மெஷினோ காலையும் கையையும் கிழித்தால் அதே ஊசியைக் கேட்டு வாங்குங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28-ம் நாட்களில் மீண்டும் ஊசி. தொப்புளைச் சுற்றிப் போட்ட காலம் மலையேறிவிட்டது. அந்தப் பயத்தில் பச்சிலை கட்டிக்கொண்டு உட்காருகிறவர் உயிரைத்தான் விடுகிறார். வெறிநோய் வந்தபின் அநேகமாகப் பிழைப்பதில்லை.

பெரியம்மையை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958-ல் உலக சுகாதார மாநாட்டில் பிரேரணை கொண்டுவந்தவர் சோவியத் பிரதிநிதி விக்டர் ஷ்தானவ். சோவியத் யூனியன் கோடிக்கணக்கான தவணை அம்மைப்பாலை இந்தியாவுக்கு இனாமாக அனுப்பியது. 1975-க்குப் பின் இங்கே பெரியம்மை இல்லை. லாபக் கணக்குப் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா?

நம் சர்க்கார் செய்ததென்ன? கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறை நிலையங்களின் உற்பத்தி லைசென்ஸை 2008 ஜனவரியில் நிறுத்திவைத்தது. தயாரிப்பு முறை தரவிதிப்படி இல்லையாம்! குறையிருந்தால் பணம் ஒதுக்கிச் சீர்செய்வதல்லவா முறை? எதிர்ப்புக் கிளம்பிய பின்னர் 2010-ல்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. செங்கல்பட்டில் 2012-ல் அனுமதியளித்துக் கட்டிய பெரிய தடுப்பூசி வளாகத்திலிருந்து, 2021-ல் ஜனங்கள் கொரோனா ஊசிக்குக் கியூவில் நின்றபொழுதும் ஒரு குப்பி வெளிவரவில்லை.

பொதுத்துறை நிலையங்கள் முழு அளவில் இயங்க வேண்டும். ஊசி நாளில் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்துடன் அரை நாள் லீவு வேண்டும். மில் வாசலிலும் லயன் வீடுகளிலும் ஞாயிறன்று முகாம் நடத்த வேண்டும். இந்த மூன்று கோரிக்கைகளுடன் கிளைச் சங்கங்கள் கையெழுத்து வாங்கி, வட்டார மருத்துவ அதிகாரியிடமும் மில் நிர்வாகத்திடமும் மகஜர் கொடுக்க வேண்டுமென்று கோருகிறோம். அதற்கு வீடு வீடாகப் போகும் தோழர்கள் குழந்தையின் ஊசி அட்டையையும் கேட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.