வீல் கப் தானே என்று அலட்சியம் வேண்டாம்! டயரோடு வெல்டிங் வைத்தால் உயிருக்கே ஆபத்து

சென்னை நங்கநல்லூரில் டி.என்.ஜி.ஓ. காலனி, ஹிந்து காலனி என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அந்தக் கார்களின் சக்கரங்களை ஒரு நோட்டம் விட்டால் போதும். ஒன்றில் வீல் கப் இருக்காது. இன்னொன்றில் உடைந்த கப்பை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள்.

பலத்த மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப் பாதையிலும், தில்லை கங்கா நகர் சுரங்கப் பாதையிலும் தண்ணீர் தேங்கும். தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது. சக்கரம் 'தடால்' என்று இறங்கும். கப் கழன்று எங்கேயோ போய் விடும்.

"கப் தானே, போனால் போகட்டும்" என்பார்கள் கார்க்காரர்கள். அப்படி விட்டு விடலாமா?

கப் எதற்கு?

கப் அழகுக்கு மட்டும் அல்ல. சக்கரத்தின் நடுவில் உள்ள நட்டுகள் மேல் சேறும் தண்ணீரும் படாமல் அது காக்கிறது. கப் இல்லாவிட்டால் கார் நின்று விடாது. ஆனால் நட்டுகள் துரு ஏறி இறுகி விடும். நடுரோட்டில் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னி மாற்றும் போது தான் அந்த வேதனை தெரியும்.

பழைய கார்களில் இந்தக் கப்புக்கு உள்ளே இன்னொரு சிறிய மூடி உண்டு. அது கிரீஸ் மூடி. அது போனால் பேரிங்கில் மண் ஏறும். பேரிங் போனால் செலவு ஆயிரக் கணக்கில் போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகமாகப் போகும் காரில் இருந்து கப் தெறித்தால், பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் கதி என்ன?

நெம்புகோல் செய்யும் வேலை

அம்பாசடர், பிரிமியர் பத்மினி காலத்தில் கப் இரும்புத் தகட்டால் ஆனது. சக்கரத்தில் இருக்கும் பிடிகளில் அதை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் 'டக்' என்று உட்கார்ந்து கொள்ளும். ஓரம் விரிந்து போனால் மரச் சுத்தியால் தட்டி நிமிர்த்தி விடுவார்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014ல் நின்று போனது. இப்போது வருவதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கப். அதன் பல் உடைந்தால் தட்டி நிமிர்த்த முடியாது.

பல்லை உடைப்பது பள்ளம் மட்டும் அல்ல. பஞ்சர் கடையில் அவசரத்தில் ஒரே இடத்தில் லீவரை விட்டு நெம்புகிறார்கள். கப்பின் பல்லும் போகிறது, சக்கரத்தின் பிடியும் வளைகிறது. சுற்றிலும் நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

மாட்டும் போதும் கவனம் வேண்டும். காற்று அடிக்கும் வால்வுக்கு நேராகக் கப்பில் வெட்டு இருக்கும். அதை மாற்றி மாட்டினால் கப் வால்வை அறுக்கும். நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் கப்பின் உடைந்த துண்டு சிக்கினால் நட் சரியாக இறுகாது. ஓட ஓடத் தளரும்.

வெடிக்கும் டயர்

இதை எல்லாம் விடப் பெரிய ஆபத்து பட்டறையில் இருக்கிறது. சக்கரத்தில் உள்ள பிடி உடைந்து விட்டால் "அண்ணே, சட்டுனு ஒரு பொட்டு வெல்டிங் வச்சுக் குடுங்க, சவாரி இருக்கு" என்று அவசரப்படுத்தும் டிரைவர் உண்டு. "டயரைக் கழட்டினா நேரமாகும்பா" என்று அப்படியே வெல்டிங் வைக்கும் மெக்கானிக்கும் உண்டு.

இது விஷப் பரீட்சை. ரிம் சூடானால் உள்ளே இருக்கும் காற்று விரியும். அது மட்டும் அல்ல. சூட்டில் ரப்பர் வெந்து, எரியக் கூடிய வாயு கிளம்பும். அது உள்ளே தீப்பிடித்தால் டயர் குண்டு போல் வெடிக்கும். காற்றை இறக்கி விட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. டயரை ரிம்மில் இருந்து முழுக்கக் கழற்றாமல் சூடு வைக்கவே கூடாது.

அமெரிக்காவில் லாரி, பஸ் சக்கரங்களுக்குத் தொழிலாளர் பாதுகாப்பு விதியே இருக்கிறது. விரிசல் விட்ட, வளைந்த சக்கரத்தை வெல்டிங் வைத்து மறுபடி ஓட்டக் கூடாது என்கிறது அந்த விதி. நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

என்ன செய்யலாம்?

ரிவிட் தளர்ந்த பிடி என்றால் டயரைக் கழற்றி, பழைய ரிவிட்டை எடுத்து விட்டு, அதே ஓட்டையில் புது ரிவிட் அடிக்கலாம். சக்கரத்தில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. ரிம்மில் விரிசல் இருந்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம், சக்கரத்தை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் கப்பில் ஒரு பல் போனால் டேக் போடலாம். மூன்று, நாலு போனால் வேறு கப் தான் சரி. புதுசு வாங்க ஜி.பி. ரோடு இருக்கிறது, பழசுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது.

கப் தொலைந்தால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிகள் உண்டு. பள்ளத்தில் விட்டதற்கு டிரைவர் என்ன செய்வார்? அந்தப் பயத்தில் தான் அவர் அவசர வெல்டிங்குக்கு ஓடுகிறார்.

ஆலந்தூர் நகராட்சியில் இருந்த நங்கநல்லூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தோண்டிய ரோட்டைச் சரியாக மூடினால் பாதிக் கப்புகள் தப்பும். அதை மாநகராட்சி தான் செய்ய வேண்டும்.

அது நடக்கும் வரை பட்டறைக்காரர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டயர் வெடித்தால் முதலில் அடிபடுவது காரின் சொந்தக்காரர் அல்ல. பக்கத்தில் குந்தி சக்கரத்தைப் பிடித்துக் கொண்டிருக்கும் வேலை கற்கும் பையன் தான். டயரைக் கழற்ற ஆகும் பத்து நிமிடத்தை விட அவன் உயிர் மலிவா?